கூட இரண்டு மூட்டை போட்டால் தளம் உறுதியாகிவிடுமா?

“கம்பியைக் கூட்டிப் போடுங்க, சிமெண்டில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தளம் தலைமுறைக்கும் நிற்கும்.” வீடு கட்டத் தொடங்கியவுடன் வந்து சேரும் இலவச ஆலோசனை இது. செலவைக் கூட்டச் சொல்வதால் யாரும் சந்தேகிப்பதும் இல்லை.

சிமெண்ட் அளவு மீறினால் கலவையில் சூடு ஏறும், காயும்போது சுருக்கமும் கூடும். விரிசல் அங்கேதான் பிறக்கிறது. கண் வைக்க வேண்டியது தண்ணீர் மேல். வெயில் மழை நேராகப் படாத, கடற்கரையை ஒட்டாத இடத்திலேயே 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர்தான் உச்சவரம்பு என்கிறது இந்தியக் கான்கிரீட் தரவிதி ஐ.எஸ். 456. மணலின் ஈரமும் அதற்குள் அடக்கம். கலவை மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள்: “இழுக்க வரலை” என்று ஒரு குரல், உடனே ஒரு பக்கெட் தண்ணீர் உள்ளே போகும். அந்த உபரி நீர் வற்றிய தடமெல்லாம் நுண்துளை. கூடப் போட்ட மூட்டையின் பலன் அந்த பக்கெட்டோடு போயிற்று.

கம்பிக்கு வருவோம். எத்தனை கிலோ என்பதைவிட எந்த மட்டத்தில் கிடக்கிறது என்பதே முக்கியம். சுவரைத் தாண்டி நீளும் பால்கனியிலும் சன்ஷேடிலும் இழுவிசை மேல்பக்கம். முதன்மைக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் அன்று பாண்டு சுமப்பவர்கள் மிதித்து மிதித்து அது செண்ட்ரிங் பலகையோடு படுத்துவிடும். அப்புறம் 8 எம்.எம். என்ன, 16 எம்.எம். என்ன? கம்பியைத் தாங்க ‘சேர்’ எனும் முட்டுக்கம்பி, ஆள் நடக்கப் பலகை, இவ்வளவுதான் தேவை. வீட்டுக்காரரோ அந்நேரம் பிரியாணி வெந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார்!

அடிக்கம்பிக்குக் கீழே கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகுவது இன்னொரு வழக்கம். மிதி பட்டதும் ஜல்லி நழுவும். பாதுகாப்பான சூழலில் 20 மி.மீ., கடற்காற்று படும் தளத்துக்கு 45 மி.மீ. கான்கிரீட் மூடல் கம்பிக்கு வேண்டும். அது குறைந்தால் காற்றும் ஈரமும் உப்பும் சீக்கிரமே கம்பியை எட்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பெரிதாக உப்பிக் கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும்.

“ஒழுகினால் மேலே வாட்டர்ப்ரூஃப் அடித்துக்கலாம்” என்பார்கள். வைப்ரேட்டர் போகாமல் விட்ட பொந்துகளைப் பூச்சு நிரப்பாது.

“மூன்று நாள் தண்ணீர் விட்டால் போதும்” என்பதும் தவறு. சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், போர்ட்லேண்ட் பொசோலானா (பி.பி.சி.) சிமெண்டுக்கு 10. காலையும் மாலையும் ஹோஸில் பீய்ச்சினால் நடுப்பகல் வெயிலில் தளம் காய்ந்துவிடும். பாத்தி கட்டி நீர் நிறுத்தினால் அந்தக் கவலை இல்லை.