முதல் வரைவு நாவல் ஆகாது

நாவலை எழுதி முடித்த இரவே அமேசானின் கிண்டில் தளத்தில் ஏற்றிவிடலாம். கட்டணம் கிடையாது, பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் நூல் விற்பனைக்கு வந்துவிடும். அச்சுப் பிரதி வேண்டுமென்றால், ஆர்டர் வந்த பிறகு ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. பதிப்பாளரின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய எழுத்தாளருக்கு இது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல பதிப்பகங்களில் அந்த மாதங்கள் முழுக்க வீணாகப் போகவில்லை. யாரோ ஒருவர் கைப்பிரதியைப் படித்தார், கேள்வி கேட்டார், சில பக்கங்களை வெட்டச் சொன்னார், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். சுயபதிப்பில் காத்திருப்போடு சேர்ந்து இந்த வேலையும் கழன்றுகொள்கிறது. பதிப்பாளரைத் தவிர்க்கலாம், அவர் செய்த வேலையைத் தவிர்க்க முடியாது. அறிவியல் புனைகதை எழுதுகிறவர் இதை மற்ற எவரையும்விடக் கூடுதலாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குடும்பக் கதையில் ஒரு தெருவின் பெயர் மாறிப்போனால் வாசகர் மன்னித்துவிட்டு மேலே படிப்பார். அறிவியல் புனைகதையில் அப்படி முடியாது. அங்கே கதையின் சிக்கலே பெரும்பாலும் ஏதோ ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது. செவ்வாயிலிருந்து ஒரு செய்தி பூமிக்கு வந்துசேர, இரு கோள்களுக்கும் இடையே அப்போதிருக்கும் தொலைவைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் திரும்பிப் போக இன்னொரு மடங்கு நேரம் வேண்டும். ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தத் தாமதத்தால் ஒருவர் உயிரிழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டாம் அத்தியாயத்தில் செவ்வாயில் இருக்கும் நாயகி சேலத்தில் இருக்கும் தன் அம்மாவோடு வீடியோ அழைப்பில் மாறி மாறிப் பேசுகிறாள் என்றால், மூன்றாம் அத்தியாயத்தின் மரணமே பொய்யாகிவிடுகிறது. எழுதியவர் கண்ணில் இது எளிதில் படாது. அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே அவருக்குப் பல மாதங்கள் ஓடியிருக்கும். வாசகருக்கோ ஒரு மாலைப்பொழுதுதான். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் என்பதை ஓரிடத்தில் கணக்கில் எடுத்து இன்னோரிடத்தில் விட்டுவிடுவது, ஒரே கருவியை மூன்று பெயரில் அழைப்பது, கலத்தில் ஏறியவர் தொகையும் இறங்கியவர் தொகையும் ஒத்துப்போகாதது எல்லாமே இந்த ரகம். ஒற்றுப் பிழையையும் ல, ள, ழ குழப்பத்தையும் மென்பொருள் ஓரளவு காட்டிக்கொடுக்கும். மற்றவற்றைப் பிடிக்க, கதையை முதன்முறையாகப் படிக்கும் இன்னொருவர் வேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி, சுயபதிப்பின் வெற்றிக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ‘தி மார்ஷியன்’ நாவலேதான். கணினி நிரலாளரான ஆண்டி வியர் அதைத் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். விண்கலத்தின் பாதையைக் கணக்கிடத் தாமே ஒரு மென்பொருள் எழுதிக்கொண்ட அளவுக்குக் கறாரானவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் வேதியியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டி எழுதினார்கள், அவர் திருத்தினார். மின்னூல் வடிவம் வேண்டுமென்று வாசகர்கள் கேட்ட பிறகுதான், 2011-இல், அது கிண்டிலுக்குப் போனது. இலவசமாகத் தர அங்கே வழியில்லாததால் குறைந்தபட்ச விலையான 99 சென்டை வைத்தார். அடுத்து ஒலிநூல் உரிமை விற்றது. 2013-இல் கிரவுன் பதிப்பகம் அச்சுரிமை வாங்கியது. 2014-இல் அச்சு நூல், 2015-இல் ரிட்லி ஸ்காட்டின் திரைப்படம். இந்த வரிசையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 99 சென்டிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் விற்பனைக்கு வந்த அன்று அந்த நாவல் முதல் வரைவாக இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, திருத்தவைத்த பிரதியாக இருந்தது. பதிப்பகத்தில் நடக்க வேண்டிய வேலை, பதிப்பகத்துக்கு வெளியே நடந்து முடிந்திருந்தது.

ஆளாளுக்குத் திருத்தினால் எழுத்தாளரின் குரல் தேய்ந்துபோகாதா என்று கேட்கலாம். அதே நாவலின் தொடக்கமே இதற்குப் பதில். மணிக்கு 175 கிலோமீட்டர் வேகப் புயலில் சிக்கி நாயகன் செவ்வாயில் தனியாக விடப்படுகிறான். செவ்வாயின் தரைமட்டக் காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் சுமார் அறுபதில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டால், அந்தப் புயல் நம் ஊரில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அளவுக்குத்தான் ஆளைத் தள்ளும். கதையில் வருவதுபோல, செவ்வாயிலிருந்து மேலேறக் காத்திருக்கும் கலத்தைச் சாய்க்காது. வியருக்கு இது தெரியும். மனிதனை முதலில் அடிப்பது இயற்கையாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, பிழை எது, கதைக்காக எடுத்துக்கொண்ட சலுகை எது என்று பிரிக்கும் உரிமை கடைசிவரை எழுத்தாளருக்கே. கேள்விகளைக் கேட்டு முடித்தவருக்குத்தான் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரியும். கேட்காதவருக்குத் தான் சலுகை எடுத்துக்கொண்டதே தெரியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வியர் லட்சத்தில் ஒருவர், அவரை வைத்துப் பாடம் சொல்லலாமா? விற்பனையைப் பற்றி என்றால் சொல்லக் கூடாதுதான். அந்த அதிர்ஷ்டத்தை யாரும் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அவர் வேலை செய்த முறையைத் திரும்பச் செய்யலாம். ஹியூ ஹோவி 2011-இல் ‘வுல்’ என்ற சிறு மின்னூலைத் தாமே வெளியிட்டார். வாசகர்கள் மேலும் கேட்ட பிறகே அடுத்தடுத்த பகுதிகளை எழுதினார். பின்னர் சைமன் அண்ட் ஷூஸ்டருக்கு அச்சுரிமையை மட்டும் கொடுத்துவிட்டு மின்னூல் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். இருவரும் முழு நாவலையும் இருட்டில் எழுதிவிட்டுச் சந்தையில் தூக்கிப் போடவில்லை. சிறிய அளவில் காட்டி, எதிர்வினை பார்த்துத்தான் அடுத்த அடி வைத்தார்கள். விற்பனை சூடுபிடிக்காமல் போயிருந்தாலும், அந்த முறையால் நூலின் தரம் கூடியிருக்கும். அதுவே போதுமான பயன்.

தமிழ் எழுத்தாளரின் கவலை பெரும்பாலும் காசுதான். நாவல் சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது என்ற நிலையில் எடிட்டருக்கு எங்கிருந்து பணம் கொடுப்பது? நியாயமான கேள்வி. ஆனால் இதே எழுத்தாளர்கள் அட்டைப் படத்துக்கும் வெளியீட்டு விழா அரங்குக்கும் செலவு செய்யத் தயங்குவதில்லை. செலவின் வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். முதல் வாசகர்களுக்குப் பணம் வேண்டாம். ஓர் இயற்பியல் ஆசிரியர், ஒரு பொறியாளர், அறிவியலே பிடிக்காத ஒரு நல்ல நாவல் வாசகர் போதும். அவர்களிடம் ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ‘எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள், எதை நம்பவில்லை’ என்று கேட்டால் உண்மை வரும். அதன்படி திருத்தி எழுதிய பிரதிக்கு மட்டும் மெய்ப்புத் திருத்துநரை அமர்த்திக் காசு கொடுக்க வேண்டும். அட்டையும் பக்க வடிவமைப்பும் அதற்குப் பிறகு. மின்னூலை எப்போது வேண்டுமானாலும் திருத்தி ஏற்றலாமே என்பவர்களும் உண்டு. ஏற்றலாம். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர் கையில் இருக்கும் பிரதி எப்போதும் தானாக மாறிவிடுவதில்லை. முதல் வாரத்தில் அவர் எழுதிய மதிப்புரையும் மாறாது.

தமிழுக்கு இது புதிய பாடமும் அல்ல. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, ஜீனோ என்ற இயந்திர நாயை வீட்டுக்கு வீடு தெரியவைத்தது. அந்தத் தொடருக்கும் வாசகருக்கும் நடுவே ஓர் ஆசிரியர் குழு இருந்தது. 1974-இல் தொடங்கிய க்ரியா, கைப்பிரதியைச் செம்மைப்படுத்துவதையே தன் அடையாளமாக்கிக்கொண்ட பதிப்பகம். அந்தக் கறாரைச் சுயபதிப்புக்காரர்கள் தங்களுக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ள முடியும்: நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து ஒருவர் கைப்பிரதியை ஒருவர் படித்துக் கொடுத்தாலே தொடக்கம்தான். இதற்குக் குறுக்கே நிற்பது பணமோ தொழில்நுட்பமோ அல்ல. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம். வெளியீட்டு நாளைக் கைப்பிரதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், நாட்காட்டியைப் பார்த்து அல்ல. ஒரு ஜனவரி தவறினால் அடுத்த ஜனவரி வரும். பாதியில் மூடிவைத்த நாவலை வாசகர் மறுபடி கையில் எடுப்பது அபூர்வம். அந்த எழுத்தாளரின் அடுத்த நாவலை எடுப்பது அதைவிட அபூர்வம்.