கேஸ் இல்லாத "மிக்": பேரிலேயே புளுகு!

மிக் என்றால் மெட்டல் இனெர்ட் கேஸ். அப்புறம் "கேஸ் இல்லாத மிக்" எங்கிருந்து வந்தது? சர்க்கரை இல்லாத சர்க்கரைப் பொங்கலா?

அதில் ஓடுவது ஃப்ளக்ஸ் நிரப்பிய வயர். ஃப்ளக்ஸ் எரிந்து வரும் புகையும் கசடும்தான் உருகிய இரும்பைக் காக்கின்றன. மட்டமான சரக்கில்லை, காற்றடிக்கும் திறந்தவெளியில் அதுவே மேல். ஆனால் அந்த வயருக்கு டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும். கேஸோடு ஓடும் சாதா வயருக்கு பாசிட்டிவில்.

இதைச் சொல்லாமல் ஆம்ப் ஸ்டிக்கரைக் காட்டியே விற்கிறார்கள். புதிதாகப் பழகுபவர் வயரை மட்டும் மாற்றுகிறார். பொறி சிதறுகிறது, ஒட்டு நிற்கவில்லை. "நமக்கு இது கைவராது" என்று மெஷினை மூலையில் போடுகிறார்.

தப்பு கையில் இல்லை சாமி! ஆம்பை அப்புறம் கேளுங்கள். பொலாரிட்டி மாற்ற முடியுமா, கேஸ் இணைப்பு உண்டா? முதலில் அதைக் கேளுங்கள்.