பகிர்தலே தலைமை

அரக்கோணத்து மைதானங்களில் மாலைதோறும் ஆடும் இளைஞர்க்கு வெல்லக் கற்பிப்போர் பலர். வென்றதைப் பகிரக் கற்பிப்போர் சிலரே.

2018 பிப்ரவரியில், நியூசிலாந்தில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை இந்திய அணி வென்றது. தலைமைப் பயிற்சியாளர் இராகுல் திராவிடுக்கு ரூபாய் 50 இலட்சமும், உடனுழைத்த துணைப் பயிற்சியாளர் முதலானோர்க்குத் தலா 20 இலட்சமும் பரிசெனக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. அவ்வேற்றுமையைத் திராவிட் ஏற்கவில்லை. முடிவில் பயிற்சிக் குழுவினர் அனைவர்க்கும் தலா 25 இலட்சம் என்றாயிற்று. தமக்குரியதில் பாதியை அவர் விட்டுக்கொடுத்தார்.

நம் பரிசளிப்பு மேடைகளிலோ அணித்தலைவனும் கோப்பையுமே நிற்கக் காண்கிறோம். களமிறங்காத மாற்று ஆட்டக்காரனும், விடியலில் மைதானத்தைச் செப்பனிட்ட தொழிலாளியும் அம்மேடைக்கு அழைக்கப்படட்டும். தலைமைப் பண்பு யாதென்பதை மாணவர் அன்று கண்ணாரக் காண்பர்.