பச்சை படிந்த செப்புக் காசுகள்

மாரிமழை ஓய்ந்த மறுநாட் காலையில் கந்தரோடைத் தோட்டங்களிடையே நடந்து செல்வோர் நிலத்தைப் பார்த்தே நடப்பர். வெள்ளம் மண்ணைக் கழுவிச் சென்ற இடங்களில் ஒரு மணியோ, ஓட்டுத் துண்டோ, பச்சை படிந்த செப்புக் காசோ தலைகாட்டுதல் அவ்வூரிற் புதுமையன்று.

எம்மிடம் பயிலும் மாணவனொருவன் அண்மையில் ஒரு நெருப்புப்பெட்டியை எமது மேசைமீது வைத்தான். உள்ளே ஏழு காசுகள் இருந்தன.

"சேர், எங்கடை தோட்டத்துக்கை கிடந்தது. அப்பம்மா குப்பையெண்டு எறியச் சொன்னவ. பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டு வரட்டோ?" என்றான்.

"மினுக்கிப் போடாதையும் தம்பி!" என்று நாம் சற்று உரத்தே சொல்லிவிட்டோம். காரணம் உண்டு. சிறு பிராயத்தில் எமது தந்தையார் வைத்திருந்த காசொன்றைப் பழப்புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கினோம். காசு பளபளத்தது, எழுத்துக்கள் போய்விட்டன. செம்பின்மேற் படியும் பச்சை வெறும் அழுக்கன்று. பல வேளைகளில் எழுத்தும் உருவமும் அப்படலத்திலேயே தங்கி நிற்கும். அதனை அகற்றுவோர் காசை அகற்றுவோரே ஆவர்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாணவனும் நாமும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவது இலகுவானது, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த 1943ஆம் ஆண்டு ஒரு சதம். முன்னைய சதத்திலும் மெல்லிய தகட்டில் அடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் உலோகம் அருகியமையே இதற்குக் காரணம். 1942இல் இலங்கையில் ஐந்து சதத்துக்குக் கடதாசித் தாளே வெளியிட்டனர். அதன் நடுவே துளைவரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம். நாடு படும் துன்பத்தைச் சில்லறைக் காசு முந்திக்கொண்டு சொல்லிவிடும் என்பதற்கு இது சான்று.

அடுத்த மூன்றும் ஒரே இனத்தன. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் இடபம். அதன் கீழே தமிழில் 'சேது' என்னுஞ் சொல். இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என்று கருதியோரும் உண்டு. சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் இவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்கள் என எழுதினார். 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய கொட்றிங்ரனும் இவற்றை யாழ்ப்பாண மன்னருக்கே உரியனவாகக் கொண்டார். இத்தகைய வழக்குகளில் எக்காசு எந்த ஊரில், எவ்வளவு தொகையாகக் கிடைத்தது என்பதும் முக்கிய சாட்சியாகும். இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஐந்தாவதும் ஆறாவதும் சட்டைப் பொத்தானளவே இருந்தன. ஒன்றிலே, வீழ்ந்துகிடக்கும் குதிரைவீரனைப் போர்வீரனொருவன் ஈட்டியாற் குத்துகிறான். இது இரண்டாம் கொன்ஸ்தாந்தியுஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், 348ஆம் ஆண்டையொட்டி வெளிவரத் தொடங்கிய உரோமச் செப்புக்காசு. 'நற்காலம் மீண்டது' என்ற கருத்துடைய இலத்தீன் வாசகம் அதன் விளிம்பில் இருக்கும். அச்சக்கரவர்த்தியோ பாரசீகருடன் நெடுங்காலம் பொருதவர். நற்காலம் காசிலேதான் மீண்டது போலும்! மற்றையதில் வெற்றித்தேவதை சிறைக்கைதியொருவனை இழுத்துச் செல்கிறாள். இது நான்காம் நூற்றாண்டின் இறுதிக்குரியது. உருவத்தின் கீழே அக்கசாலையின் பெயர்க்குறி இருக்கவேண்டும். கொன்ஸ்தாந்திநோப்பிள், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களுக்கு வெவ்வேறு எழுத்துக்கள் உண்டு. எமது காசில் அப்பகுதி தேய்ந்துபோயிருந்தது.

இவை கந்தரோடைக்கு எவ்வாறு வந்தன? 1917ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு ஆராய்ந்த போல் பீரிஸ், உரோமக் காசுகளையும் அவற்றினும் பழைய முத்திரைக் காசுகளையும், இலக்குமி உருவம் பொறித்த செப்புத் தகடுகளையும் கண்டார். தமிழகத்தில் கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளை ஆர். கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டார். பாக்குநீரிணையின் இருகரைகளிலும் இச்சிறு காசுகள் வணிகத்தோடு வந்து புழங்கியுள்ளன. வந்தவை போதாமையாற் போலும், அவற்றைப் பார்த்து எழுத்தறியாத கைகள் உள்ளூரிலேயே போலிகளையும் அடித்துள்ளன. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் ஒரு கதை சொல்கிறார். இலங்கை மன்னன் உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் அருகருகே வைத்துப் பார்த்து, உரோம மன்னனே பெரியவன் என்று தீர்ப்பளித்தானாம். கதையிற் பேசப்படுவது பொன்; எமது மண்ணில் மிகுதியாகக் கிடைப்பதோ செம்பு.

"இந்தத் தேய்ஞ்ச எழுத்தை வாசிச்சு என்ன சேர் பயன்?" என்று மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. நாம் அவனுக்கு ஹெராக்கிளியஸ் சக்கரவர்த்தியின் கதையைச் சொன்னோம்.

498இல் அனஸ்தாசியுஸ் சக்கரவர்த்தி பைசாந்தியச் செப்புக்காசைச் சீர்திருத்தினார். அதன்பின் பெரிய காசின் நடுவே நாற்பது என்னும் மதிப்பைக் குறிக்கும் எழுத்து இடம்பெற்றது. காலப்போக்கில் ஆட்சியாண்டையும் பொறித்தனர். கீழே அக்கசாலையின் பெயர்க்குறி. ஹெராக்கிளியஸ் காலத்திற் பாரசீகர் படையெடுத்தனர். 613இல் அந்தியோக்கியா அருகே பைசாந்தியப் படை தோற்றது; 614இல் எருசலேம் வீழ்ந்தது. அக்காலத்துக் கரடுமுரடான சில செப்புக்காசுகளில், முன்பு அக்கசாலையே இல்லாத ஊர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. ஏறத்தாழ 615 முதல் 617 வரை செலூக்கியா, அதற்கடுத்து இசௌரா. இரண்டும் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ளவை. பிலிப் கிரியர்சன் என்னும் அறிஞர் 1951இல் இவற்றை ஆராய்ந்து எழுதினார். போர்க்களத்தை அண்டிய படைக்குச் சம்பளம் கொடுக்க அவசரமாக ஓர் அக்கசாலை திறக்கப்பட்டமையும், அது ஊர்விட்டு ஊர் பெயர்ந்தமையும் அச்செப்புத் துண்டுகளின் சில எழுத்துக்களால் வெளியாயின. எவரேனும் அவற்றைப் புளியிட்டு மினுக்கியிருந்தால் அவ்வரலாறும் கழுவுண்டு போயிருக்கும்.

ஏழாவது காசை எம்மால் அடையாளங் காண முடியவில்லை. 'அறியப்படாதது' என்று எழுதித் தனி உறையில் இட்டோம். ஊகத்தை எழுதுவதிலும் அவ்வாறு எழுதுவதே மேல்.

பின்னர் மாணவனின் இல்லத்துக்குச் சென்றோம். அங்கேதான் உண்மையான சிக்கல் காத்திருந்தது. காசு கிடைத்த இடத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்றதும் அப்பம்மா முகஞ் சுளித்தார்.

"தம்பி, எழுதினால் வெளியிலை தெரியவரும். பிறகு தோட்டத்தை எடுத்துப்போட்டால் நாங்கள் எங்கை போறது? ஒருக்கா வீட்டை விட்டுப் போய் வந்த சனம் நாங்கள்."

அவரது அச்சத்தை அறியாமை என்று தள்ள எமக்கு மனம் வரவில்லை. நாமும் அவ்வாறு போய் வந்தவரே. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது, தந்தையார் தமது காசுகளை ஒரு தகரப் பேணியிலிட்டுக் கோடிப்புறத்திற் புதைத்தார். ஒவ்வொரு காசும் ஒரு கடதாசித் துண்டிற் சுற்றப்பட்டிருந்தது. கந்தரோடை, வல்லிபுரம், பூநகரி என்று கிடைத்த இடமும் நாளும் அதில் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு திரும்பிவந்து தோண்டினோம். பேணி துருப்பிடித்துத் துளைபட்டிருந்தது. காசுகள் யாவும் இருந்தன. கடதாசிகளைக் கறையான் தின்றிருந்தது. தந்தையார் அக்காசுகளைக் கையிலே வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். இருபது ஆண்டு உழைப்பில் எஞ்சியது ஊர்பேர் அறியாத செம்பு மட்டுமே.

இதனை அப்பம்மாவுக்குச் சொன்னோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி இத்தகைய பொருள் அரசுக்குரியது என்பதையும், கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. தோட்டத்துக்கு ஒன்றும் நேராது என்று வாக்குக் கொடுக்க நாம் யார்? அதனையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"நீங்களும் கூட வாறதெண்டால் வாறன்" என்றார்.

மாணவன் கயிறொன்றை எடுத்து, கிணற்றுக் கட்டிலிருந்து காசு கிடந்த இடம்வரை அளந்தான். அளவையும் திசையையும் நாளையும் இரண்டு பிரதிகளாக எழுதினோம். ஒன்று அவர்கள் வீட்டில், ஒன்று எம்மிடம். கறையான் ஒரே நாளில் இரு வீடுகளுக்கும் போகாதன்றோ?

இப்பகுதியை வாசிக்கும் அன்பர்களின் வீட்டுச் சாமியறையிலோ பழைய பெட்டியிலோ இத்தகைய காசுகள் இருக்கக்கூடும். அவற்றை மினுக்காதீர்கள், உருக்காதீர்கள், வழியால் வரும் வியாபாரிக்கு விற்காதீர்கள். எங்கே கிடைத்தது என்பதை அறிந்த முதியவர் வீட்டில் இருப்பின், இன்று மாலையே அவரருகில் அமர்ந்து கேட்டு எழுதிவையுங்கள். செம்பு காத்திருக்கும், அவர் எத்தனை நாள் காத்திருப்பார்?