கான்டெஸாவுக்கு இன்னும் 50 வயசு ஆகலை... அதுதான் பிரச்னை!

மணலி வழியா போற திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி ரோட்டுல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. கன்டெய்னர் டிரெய்லர், ஆயில் டேங்கர், நடுவுல புகுந்து போற ஷேர் ஆட்டோ. இதுல கார் பிரியருக்கு என்ன இருக்குனு தோணும். ஆனா, பக்கத்துல இருக்கிற எண்ணூர்லதான் 1949-ல அசோக் மோட்டார்ஸ் கம்பெனி ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் பண்ணுச்சு. அதுதான் பின்னாடி அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூர்ல புல்லட் ஃபேக்டரி. மேற்கே போனா சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் கார் ரேஸ் நடத்தின இடம். ஆமா பாஸ், விஜய் மல்லையா ஃபார்முலா 1 கார் ஓட்டினதும் அங்கேதான். 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு சோழவரம் அடங்கிடுச்சு.

அதனால வட சென்னைக்காரங்களோட பழைய வண்டி மோகம் ரீல்ஸ் பார்த்து வந்தது இல்லை.

சரி, பழைய வண்டினா எது? அமெரிக்காவுல கேட்டா உடனே 'மசில் கார்'னு ஆரம்பிச்சுடுவாங்க. நடுத்தர சைஸ் காருக்குள்ள, பெரிய கார்ல இருக்க வேண்டிய வி8 இன்ஜினைத் தூக்கி வெச்சா அது மசில் கார். 1964-ல வந்த பான்டியாக் ஜிடிஓவுல இருந்து கணக்கு ஆரம்பிக்குதுனு பெரும்பாலான ரசிகர்கள் சொல்வாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல ஃபோர்டு மஸ்டாங் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடி, எகிறின இன்ஷூரன்ஸ், புகைக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அந்த ஆட்டத்தை முடிச்சுவெச்சது.

இங்க ஒரு சின்ன உண்மை. 'அந்தக் காலத்து வண்டியில என்னா பவர் தெரியுமா'னு யாராவது ஆரம்பிச்சா முழுசா நம்பிடாதீங்க. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க கம்பெனிகள் சொன்ன குதிரைத்திறன், இன்ஜினைத் தனியா ஸ்டாண்டுல வெச்சு, வண்டியோட சைலன்ஸர்கூட மாட்டாம அளந்தது. 1972 மாடல்கள்ல இருந்துதான் வண்டிக்குள்ள இருக்கிற மாதிரி அளந்து சொல்ல ஆரம்பிச்சாங்க. 1970 செவர்லே செவெல்லோட புகழ்பெற்ற 450 குதிரைத்திறன் பழைய கணக்கு. இப்போ வர்ற மஸ்டாங் ஜிடியோட 480 புதுக் கணக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பேசுறது, எடைக்கல்லை மாத்திட்டு எடை போடுற மாதிரி.

நம்ம ஊருக்கு வருவோம். வி8 எல்லாம் நமக்கு சினிமாவுலதான். இந்தியாவுல மசில் காருக்குப் பக்கத்துல வந்த ஒரே வண்டி, இந்துஸ்தான் மோட்டார்ஸோட கான்டெஸா. பிரிட்டன்ல ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த வாக்ஸால் கம்பெனியோட 1970-கள் மாடலை வாங்கி, இங்க 1984 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தாங்க. நீளமான பானெட், அகலமான முகம். பார்த்தாலே ஒரு அமெரிக்கத் திமிர். உள்ளே? அம்பாசடரோட அதே 1.5 லிட்டர் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்கு பால்வாடிப் பையன் மூச்சு! அப்புறம் ஜப்பானோட இசுஸு 1.8 லிட்டர் இன்ஜின் வந்த பிறகுதான் வண்டி நிமிர்ந்தது. அதுலயும் 90 குதிரைத்திறனைத் தொடலை. இன்னிக்கு உங்க பக்கத்து வீட்டு ஸ்விஃப்ட்ல 1.2 லிட்டர், மூணு சிலிண்டர் இன்ஜினே கிட்டத்தட்ட 82 தருது. கூடவே ஆறு ஏர்பேக்.

இதைச் சொன்னா கான்டெஸா ரசிகர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அந்த வண்டி உயிர். ஆனா வேகம், பிரேக், பாதுகாப்பு, மைலேஜ் எதுல பார்த்தாலும் புது வண்டிதான் பெட்டர். பழசு ஜெயிக்கிறது ஒரே இடத்துல. அது திறந்து பார்க்கக்கூடிய வண்டி. கார்புரேட்டர்ல கோளாறுனா ஸ்க்ரூ டிரைவரும் காதும் போதும். புது வண்டி ரோட்டுல நின்னுட்டா ஸ்கேனர் வேணும், சாஃப்ட்வேர் வேணும், பல நேரம் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் கதி. லாரி ஷெட்டுல கைத்தொழில் கத்துக்கிட்ட மெக்கானிக்குகள் நிறைஞ்ச ஒரு பெல்ட்டுல இது வெறும் நாஸ்டால்ஜியா இல்லை, சோத்துப் பிரச்னை.

சத்தத்தை விட்டுட்டேனே! எலெக்ட்ரிக் காருக்கு சத்தம் கிடையாது, அதனால ஆத்மாவும் கிடையாதுனு ஒரு கோஷ்டி சொல்லுது. அமெரிக்காவுல டாட்ஜ் கம்பெனி, எலெக்ட்ரிக் சார்ஜருக்கு வி8 மாதிரியே உறுமுற செயற்கை சத்தத்தை மாட்டிவிட்டிருக்கு. எனக்கு அது டூப்பு வெச்சு போடுற சண்டை மாதிரி இருக்கு. நம்ம பக்கம் மஹிந்திரா, 2024 நவம்பர்ல அறிமுகப்படுத்தின பிஇ 6-க்கு ஏ.ஆர்.ரஹ்மானை வெச்சு சத்தம் உருவாக்குச்சு. (முதல்ல '6இ'னு பேர் வெச்சு, இண்டிகோ ஏர்லைன்ஸ் கோர்ட்டுக்குப் போய், பேரைச் சுருக்கினது தனிக்கதை.) பெரிய பேட்டரி மாடல் 0-100 கி.மீ வேகத்தை 6.7 நொடியில தொடும்னு கம்பெனி சொல்லுது. பழைய வண்டியா நடிக்காம, புதுசா ஒரு குரல் தேடுது பாருங்க... அது பிடிச்சிருக்கு.

இப்போ மேட்டருக்கு வர்றேன். ஒரு பழைய காரை வெச்சுக்க சட்டம் உங்களை எப்படிப் பார்க்குது?

2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம்பர்ல 'விஏ'னு எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அடுத்த தடவை 5,000 போதும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்கனு மட்டும் வெளியே எடுக்கலாம். ராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸுக்குத் தெச்ச சட்டை இது.

முதல் கான்டெஸாவுக்கு 50 வயசு ஆக 2034 வரணும். தயாரிப்பு நின்னது 2002-ல. அந்தக் கடைசி வண்டி வின்டேஜ் ஆக 2052! அதுவரைக்கும் அது வெறும் 'பழைய வண்டி'. 15 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணம் 10,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு தடவை 'விஏ' நம்பர் வாங்கின 1950 மாடல் காரை அடுத்தடுத்து புதுப்பிக்கிறதைவிட, 1990 கான்டெஸாவை வெச்சிருக்கிறது காஸ்ட்லி. கான்டெஸாவை தினமும் ஓட்டலாமேனு கேட்பீங்க, நியாயம்தான். ஆனா பெரும்பாலானவங்க ஞாயித்துக்கிழமைதான் எடுக்குறாங்க.

வேற நாடுகள்ல? ஜெர்மனியில 30 வயசு ஆன வண்டிக்கு 'எச்' நம்பர் பிளேட் கிடைக்கும். பிரிட்டன்ல 40 வயசுல ரோடு டாக்ஸ் கிடையாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் 30 வயசைத்தான் எல்லையா வெச்சிருக்கு. நம்ம 50 எதுக்குனு புரியலை.

அடுத்து பெட்ரோல். 1969-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸா ஓட ஆரம்பிச்ச சிபிசிஎல் ஆலை மணலியிலதான் இருக்கு. அங்கே வர்ற பெட்ரோல்ல, ஆயில் கம்பெனி டெர்மினல்கள்ல எத்தனால் கலக்குறாங்க. இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்டை அரிக்கும். பெட்ரோலுக்காகவே வடிவமைச்சு, 10 சதவிகிதக் கலவைக்கு டியூன் பண்ணின கார்கள்ல இ20 போட்டா மைலேஜ் 6-7 சதவிகிதம் குறையலாம்னு 2021-லயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிடுச்சு. கான்டெஸா அந்த டியூனிங்கும் இல்லாத வண்டி. எத்தனால் கலக்காத சாதா பெட்ரோலை பழைய வண்டிக்காரங்க தேடி அலையணும்.

எல்லா பழைய வண்டியையும் அப்படியே ஓட விடுங்கனு சொல்ல மாட்டேன். மணலியில உட்கார்ந்துக்கிட்டு அதைச் சொல்ல வாய் வராது. 2009-லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாசுக் குறியீட்டுல மணலிக்கு 76.32. 70-ஐத் தாண்டினாலே 'கடுமையாக மாசடைந்த பகுதி'. கான்டெஸாவோட பெரும்பாலான வண்டிகள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே கிடையாது, இந்தியாவுலயே அது 1995-ல நாலு பெருநகரங்கள்லதான் ஆரம்பிச்சது. இன்னிக்கு பிஎஸ்-6 வண்டியோட ஒப்பிட்டா அது விடுற புகை பல மடங்கு. எங்க ஏரியா குழந்தைங்க மூச்சை விட என் ரசனை பெருசு கிடையாது.

அதனாலதான் கேட்கிறேன், நடுவுல ஒரு பிரிவு வேணும். 30 வயசு தாண்டின வண்டிக்குத் தனி நம்பர். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்னு வரம்பு. வண்டியே வராம சான்றிதழ் மட்டும் வர்ற கதை இல்லாம, நிஜமான புகைப் பரிசோதனை. வயசைப் பார்த்து கட்டணம் ஏத்துறதைவிட, ஓடுற தூரத்தையும் விடுற புகையையும் பார்த்து ஏத்துங்க.

இதைப் படிச்சுட்டு கான்டெஸா வாங்கக் கிளம்புறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. ஆர்.சி எத்தனை நாளைக்கு இருக்குனு பாருங்க. இன்ஜின் நம்பரும் ஆர்.சியும் ஒத்துப்போகுதானு பாருங்க, ஏன்னா வேற இன்ஜின் மாத்தி அதை ஆர்.டி.ஓவுல பதியாத வண்டிகள் நிறைய. பதிவுல இருக்கிற அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுனு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. அப்புறம் மேட்டைத் தூக்கி ஃப்ளோர்ல கை வெச்சுப் பாருங்க. கடற்காத்து ஊர் இது, துரு அங்கேதான் ஒளிஞ்சிருக்கும்.