கம்பெனிப் பெயரில் ஓடாது கார்

ஒரு டயர் கிழிந்துபோன காரோடு கடை வாசலில் நிற்பவரிடம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே வசனம்தான் சொல்லப்படுகிறது: "நாலும் ஒரே கம்பெனியா இருக்கணும் சார். மாத்திப் போட்டா வண்டி இழுக்கும்." சொல்பவர் பழுத்த அனுபவசாலி, கேட்பவருக்கோ அவசரம். இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய மூன்று டயர்கள் கழன்று மூலைக்குப் போகின்றன. அல்லது அதே கம்பெனியில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு டயர் ஏறுகிறது, 'ஒரே கம்பெனிதானே' என்ற நிம்மதியோடு கார் கிளம்புகிறது. முதலாவது வீண் செலவு. இரண்டாவதில் ஆபத்தே இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

டயரின் பக்கவாட்டில் இருப்பதிலேயே பெரிய எழுத்து கம்பெனியின் பெயர். வண்டி ஓட்டத்தைப் பொறுத்தவரை இருப்பதிலேயே குறைவாகத் தகவல் தருவதும் அதுதான். ஒரே கம்பெனி, ஒரே அளவில், நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பர் டயர் ஒன்றையும் ஈரச்சாலையில் பற்றி நிற்கும் மென்மையான டயர் ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கிறது. ரப்பர் கலவை, பட்டன் வெட்டு, பக்கச்சுவரின் விறைப்பு எல்லாமே இரண்டிலும் வேறு. ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களுக்கு ஈரத்தில் பிடிமானத் தரச்சீட்டு கட்டாயம். முதல் வகுப்பு டயருக்கும் கடைசி வகுப்பு டயருக்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. அந்தச் சீட்டு ஒட்டப்படுவது ஒவ்வொரு டயர் ரகத்துக்கும்தான், கம்பெனிக்கு அல்ல.

போர்ஷே கார் கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அவர்கள் அங்கீகரித்த டயரில் 'என்0', 'என்1' என்று ஒரு முத்திரை இருக்கும். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, அளவு ஒன்று, ஆனாலும் என்0-வையும் என்1-ஐயும் கலந்து மாட்டாதீர்கள் என்பது போர்ஷேயின் அறிவுரை. பெயர் பார்த்து வாங்கும் நம் ஆட்கள் இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருப்பார்கள்.

பெயரை நம்பியதற்கு அமெரிக்கா கொடுத்த விலை இன்னும் பெரிது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்த விவகாரத்தில், 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்தப் பட்டியலில் வில்டர்னஸ் ஏடி என்ற மாடலும் இருந்தது. ஆனால் அப்போது திரும்ப அழைக்கப்பட்டவை எல்லா ஆலைகளின் வில்டர்னஸ் ஏடியும் அல்ல. இலினாய் மாநிலம் டிகேட்டர் ஆலையில் செய்தவை மட்டும்தான். உரிமையாளர்கள் தரையில் மண்டியிட்டு, டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் குறியீட்டின் தொடக்கத்தில் 'விடி' என்ற ஆலை எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டியிருந்தது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முற்றிலும் புளுகு என்று தள்ளிவிட முடியாது. அம்பாசடர் காலத்தில் சாலையில் ஓடியவை பெரும்பாலும் நைலான் டயர்கள், அதாவது கிராஸ்-பிளை கட்டுமானம். ரேடியல் வந்த புதிதில் இரண்டையும் கலந்தால் வண்டி நிஜமாகவே அலைந்தது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று காரில் மாட்டுவது பிரிட்டனில் இன்றும் சட்டப்படி குற்றம். முன்சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ள, பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். ஆக, அன்று கூடாது என்றது கட்டுமானக் கலப்பை. காரோடு வரும் கையேடுகளும் அளவு, கட்டுமானம், பட்டன் அமைப்பு, கம்பெனி எல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்கின்றன. கடை வரைக்கும் வந்து சேர்ந்தது கடைசிச் சொல் மட்டும். கிரிக்கெட் மட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தே டயர் கம்பெனியைத் தேர்ந்தெடுத்த தலைமுறைக்கு அது ஒன்றே போதுமானதாகவும் இருந்தது.

வண்டி இழுப்பதற்கு வருவோம். ஒரே அச்சில் இடது டயரும் வலது டயரும் ஒத்துப்போகாதபோது இழுக்கும். காற்று குறைந்தாலும் அலைன்மென்ட் கெட்டாலும் இழுக்கும். முன்னிரண்டும் ஒரு கம்பெனியின் ஒரே ரகம், பின்னிரண்டும் வேறு கம்பெனியின் ஒரே ரகம், அளவும் தரமும் சரி என்றால் அன்றாட ஓட்டத்தில் இழுப்பதற்குக் காரணமே இல்லை. மாறாக, ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஆனால் ஒன்று புதிது, மற்றது தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1,950 மில்லிமீட்டர். பட்டன் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவில் 31 மில்லிமீட்டர் குறைகிறது. தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு எட்டுச் சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். எஞ்சின் நான்கு சக்கரத்தையும் இயக்கும் வண்டியில் இது கியர் அமைப்பையே பதம் பார்க்கும். அங்கே நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நியாயம்தான், அங்கும் காரணம் சுற்றளவு.

பிறகு அந்தச் சின்ன எழுத்துகள். அளவுக்குப் பின்னால் '88எச்' என்றிருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள். '84' என்றால் 500 கிலோ. டாட் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் '2319' என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் பிறந்த டயர். 'புது டயர் சார்' என்று சொல்லி மாட்டப்படுவது கிடங்கில் எத்தனை வெயில் பார்த்தது என்பது அங்கே அச்சாகியிருக்கிறது.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கை, புதிய ஜோடியை முன்னால் போட வேண்டும் என்பது. முன்சக்கரம்தானே இழுக்கிறது, திரும்புகிறது, முக்கால்வாசி பிரேக்கும் அங்கேதானே என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: புதியவை பின்னால். நவம்பர் மழையில் நெடுஞ்சாலை வளைவில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், ஓட்டுநருக்கு உடனே தெரியும், ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் குறைந்து பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் மிதந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது, வண்டியின் வால் சுழன்றுவிடும். அதைச் சரிசெய்யும் கைத்திறன் பந்தய ஓட்டுநர்களுக்கு உண்டு. தென் கரோலினாவில் உள்ள தன் லாரன்ஸ் சோதனைத் தடத்தில் மிஷலின் இதை ஈரத்தளத்தில் ஓட்டியே காட்டுகிறது.

'கலக்காதே' என்று கையேட்டில் அச்சடிக்கும் கார் கம்பெனிகளே, 15 அங்குல அலாய் சக்கரம் கொண்ட பல மாடல்களுக்கு 14 அங்குல இரும்பு ஸ்டெப்னியை டிக்கியில் வைத்து அனுப்புகின்றன. கூடவே 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று ஒரு ஸ்டிக்கர். கலப்பைத் தவிர்க்க முடியாத இடத்தில், நிபந்தனையோடு அனுமதிக்கிறார்கள். சாதாரண முன்சக்கர இயக்கக் காரில் ஒரு டயர் போனால் செய்ய வேண்டியதும் அதே போலத்தான். அதே ரகத்தில் அதே தேய்மானத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்று கிடைக்காவிட்டால், ஒரே ரகத்தில் இரண்டு வாங்கிப் பின் அச்சில் போட்டு, மிச்சமிருக்கும் மூன்றில் ஒத்துப்போகும் இரண்டை முன்னால் வைத்து, மூன்றாவதை, ஸ்டெப்னியும் அதே அளவாக இருந்தால், டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். புதிய இரண்டும் எந்தக் கம்பெனி என்பதைக் கடையில் என்ன இருக்கிறது, எந்த வாரத்தில் செய்தது என்று பார்த்துத் தீர்மானித்தால் போதும்.