உப்பு மண்ணில் தீவனம் வளருமா? ஆட்டுக்கும் மண்ணுக்கும் என்ன லாபம்?

சுங்கை சிப்புட்டில் ஆடு, மாடு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அது கடைசியில் தீவன விலையில்தான் போய் நிற்கும். ரப்பர் தோட்டக் காலத்தில் மாட்டை மரத்தடிப் புல்லில் மேயவிட முடிந்தது. இன்று மேய்ச்சல் இடம் குறைவு. கடைத் தீவனத்தில் சேரும் மக்காச்சோளமோ பெரும்பாலும் இறக்குமதி.

இந்த நிலையில், நெல் விளையாத உப்பு நிலத்தில் தீவனச் செடி வளர்க்கலாம் என்ற யோசனை பல நாடுகளில் பேசப்படுகிறது. கேட்க நல்லா இருக்கு. நமக்கு ஒத்து வருமா?

உப்பில் எப்படி உயிர் வாழுது?

மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. பயிர் வாடும். ஆனால் சில தாவரங்களுக்கு இதைச் சமாளிக்கத் தெரியும்.

அதைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். தைப்பிங்கைத் தாண்டினால் கோலா செபெத்தாங். அங்கே சுமார் 40,000 ஹெக்டரில் மாத்தாங் சதுப்புநிலக் காடு இருக்கிறது. பாக்காவ் மரம் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும். அப்பி-அப்பி மரம் உப்பை இலை வழியாக வெளியேற்றும். வெயில் நாளில் இலையைத் தொட்டால் உப்புத் துகள் விரலில் ஒட்டும். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வளரும் உமரிச் செடி, உப்பைத் தன் சதைப்பற்றுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும்.

யார் செய்து பார்த்தார்கள்?

ஆஸ்திரேலியாவில் உப்பேறிய பண்ணை நிலங்களில் 'சால்ட்புஷ்' என்ற புதரை நட்டு, புல் கிடைக்காத மாதங்களில் செம்மறி ஆடுகளை மேய விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் உப்பளங்களுக்குப் பெயர்போன வேதாரண்யத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைத் தாங்கும் தாவரங்களுக்கென்றே ஒரு மரபணுத் தோட்டம் அமைத்திருக்கிறது. 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் பார்த்த வட்டாரம் அது. கடல் உள்ளே வந்தால் வயல் என்ன ஆகும் என்று அங்குள்ள விவசாயிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். ஆடும் அப்படித்தான். சால்ட்புஷ்ஷின் உலர்ந்த இலையில் கால்வாசி வரை உப்பும் தாதுக்களும் இருக்கலாம். அதை மட்டுமே போட்டால் ஆடு போதுமான அளவு தின்னாது, எடையும் ஏறாது. வைக்கோலோ வேறு தீவனமோ கலக்கணும். நல்ல தண்ணீர் நிறைய வைக்கணும். நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தத் திட்டமே இல்லை.

செடி மண்ணின் உப்பை உறிஞ்சி எடுத்துவிடுமா?

பலர் நம்புவது இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டரில் 10 டன் உலர்ந்த இலை அறுக்கிறோம், அதில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறுவது 2 டன். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அதே ஹெக்டரில் வெறும் 6 மில்லிமீட்டர் கடல்நீர் தேங்கி வற்றினாலே, அந்த 2 டன்னும் திரும்பி வந்துவிடும்.

அப்படியென்றால் செடியால் என்ன பயன்? அது மண்ணுக்குப் போர்வை. நிலம் நேரடி வெயிலில் காயாததால், அடியிலிருந்து உப்பு மேலே ஏறுவது குறையும். வேர் மண்ணைத் திறந்துவிடும்; அந்த வழியாக மழைநீர் இறங்கி உப்பைக் கழுவும். உப்பை வெளியேற்றுவதில் பெரிய வேலையைச் செய்வது மழையும் வடிகாலும்தான். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களை மீட்க உதவியதும் மழைதான். தக்கைப்பூண்டு விதைத்து, அதை மடக்கி உழுததும் கை கொடுத்தது.

நமக்கு என்ன பாடம்?

சுங்கை சிப்புட் கடலோர ஊர் இல்லை. இங்கே மண்ணில் உப்புப் பிரச்சினை இல்லை. கவலை பேராக்கின் கரையோரத்தில்: கிரியான் நெல் வயல்கள், பாகான் டத்தோ தோட்டங்கள். கடல் மட்டம் உயர உயர, வறண்ட மாதங்களில் உப்பு நீர் இன்னும் உள்ளே வரும்.

மழை வளமுள்ள நம் நாட்டில் முதல் வேலை கரையைப் பலப்படுத்துவதும் வடிகாலைச் சரியாக வைப்பதும். அப்படியும் மீளாத ஓரத்து நிலத்துக்குத்தான் உப்புத் தாங்கும் தீவனம். அதற்காகச் சதுப்புநிலக் காட்டை வெட்டினால், கடலைத் தடுக்கும் வேலியை நாமே பிடுங்கிய மாதிரி.

சுங்கை சிப்புட் ஆட்டுக்காரரின் தீவனச் செலவை இது நாளைக்கே குறைக்காது. ஆனால் கைவிட்ட நிலத்திலும் ஒரு கட்டு தழை கிடைக்கும் என்றால், அதை இப்போதே சோதித்துப் பார்ப்பது நல்லது. கடல் உள்ளே வந்த பிறகு தொடங்கினால், அதற்கு நேரம் இருக்காது.